றப்பர் பூத்த மாசி மாதங்கள்

தம்பிக்கு,

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உன் கடிதத்தைப் போன கிழமை கொண்டுவந்து தந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன், ராசா. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, முருங்கை காய்க்கிறது, முழங்கால் நோ அப்படியேதான். மண்ணெண்ணெய் விலையில் விளக்கைப் பொழுதுபட்டதும் கொளுத்திச் சாப்பாடு முடிய நூர்த்துவிடுவேன். அதற்குப் பிறகு கதைக்கவும் ஆளில்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். உன் கடிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கடைசி வரியைத் தவிர. "கலியாணத்தை அடுத்த சமருக்குப் பார்ப்பம் அம்மா, சுகந்தியிட்டை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். சமர் என்றால் அங்கத்தைக் கோடை என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாய். நான் சொல்லவில்லை. இனிமேலும் நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று உனக்கு விளங்க வேண்டுமென்றால் உன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். உனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது பாதி. மீதிப் பாதியில் கொஞ்சம் எனக்கே இந்த மாசியில்தான் தெரிந்தது.

அப்பா வேலை பார்த்த தெற்கு றப்பர் ஆராய்ச்சித் தோட்டத்தை, நீ பிறந்து வளர்ந்த அந்த மலையை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் றப்பர். வருடத்தில் பெரும்பாலும் நிழலும் ஈரமும்தான். உடுப்புக் காயாது, புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தைப்பொங்கல் முடிந்த கையோடு இலை பழுக்கத் தொடங்கும். முதலில் மேல் கொப்புகளில் ஒரு மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு மலை முழுக்க நெருப்பு நிறம். சில நாட்களில் அவ்வளவும் கொட்டிவிடும். ஒரு நாள் காலையில் எழும்பிக் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வெய்யில் வந்து விழும், தலைக்கு மேலே வானம் நிற்கும். நீ கைக்குழந்தையாய் இருந்தபோது அந்த வெளிச்சம் கண்ணில் பட்டு வீரிட்டு அழுதாய். நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மரமெல்லாம் பட்டுப்போனது மாதிரி நிற்கும். கலியாணம் முடித்து அங்கே போன முதல் வருடம் நான் பயந்துபோய் அப்பாவிடம் கேட்டேன், "என்னப்பா, மரத்துக்கெல்லாம் ஏதும் வருத்தமோ?" என்று. அவர் சிரித்தார். "பொறும். இனித்தான் இருக்கு எங்கடை திருவிழா" என்றார்.

வெறும் கொப்பிலிருந்து செம்பு நிறத்தில் தளிர் வரும். புதுத் தளிர் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். றப்பர்த் தளிர் வாடிப்போனது மாதிரித் தொங்கிக்கொண்டுதான் வரும். அதோடு கூடவே பூ. மிளகளவு, வெளிர் மஞ்சள், கொத்துக் கொத்தாய். கீழே நின்று பார்த்தால் பூ என்றே தெரியாது, மணம்தான் சொல்லும். மலை முழுக்கத் தேனீ இரையும். அந்தச் சில கிழமைகள்தான் அப்பாவின் வேலை. நிறையப் பால் தருகிற மரம் ஒன்று, நோய் தாங்குகிற மரம் ஒன்று, இரண்டின் குணமும் ஒன்றில் வரச் செய்ய வேண்டும். மூங்கிலால் பரண் கட்டி ஏறி, ஆண் பூவின் நடுவில் இருக்கிற மணியைச் சின்ன இடுக்கியால் எடுத்து, மற்ற மரத்துப் பெண் பூவுக்குள் வைத்து, றப்பர்ப் பாலில் தோய்த்த பஞ்சுத் துணுக்கால் வாயை மூடிவிட வேண்டும். காலை தொடங்கினால் வெய்யில் ஏறும்வரை பூப்பூவாய் அதேதான். மழை வந்தால் போச்சு. தளிரில் வெள்ளைப் பூஞ்சணம் விழுந்தால் பூவும் சேர்ந்து கொட்டும். அதற்காக விடியப்புறம் கந்தகத் தூள் அடிப்பார்கள், மலை மஞ்சள் புகைக்குள் மறைந்து நிற்கும். இவ்வளவு பாடுபட்டும் சேர்த்த பூவில் காய் பிடிப்பது கொஞ்சம்தான். பிடித்த காய் ஆடி ஆவணியில் முற்றும். அந்த விதையைப் போட்டு, கன்றாக்கி, மரமாகிப் பால் வெட்ட ஏழெட்டு வருடம் செல்லும். அதற்குப் பிறகுதான் அந்தச் சேர்க்கை நல்லதா, வீண் வேலையா என்று தெரியும். இப்படி ஒரு வேலைக்கு ஒருவர் ஏன் ஆசைப்பட்டார் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் பரணிலிருந்து இறங்கி வரும்போது அவர் தலைமயிரில் மஞ்சள் தூளும் முகத்தில் ஒரு சந்தோசமும் இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசியில் மழையே இல்லை. என்றைக்கும் இல்லாத அளவுக்குக் காய் பிடித்தது. முற்றின றப்பர்க் காய் வெய்யிலில் படீரென்று வெடித்து விதையைத் தூர எறியும். எது எந்த மரத்து விதை என்று தெரியாமல் போய்விடும் என்பதால் ஒவ்வொரு காய்க்கும் அப்பா துணிப்பை கட்டியிருந்தார். அந்தப் பைகளில் பாதியை நான்தான் தைத்தேன். ஆடி வந்தது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உனக்கு அப்போது பதினான்கு வயது. தமிழர் வீடுகளைத் தேடி லொறியில் ஆட்கள் வருகிறார்கள் என்று அப்பாவோடு பரண் கட்டுகிற பியதாச ஓடிவந்து சொன்னதும், எங்களை றப்பர் ஷீற் புகைபோட அடுக்குகிற அறைக்குள் தள்ளிப் பூட்டியதும், புகை நாற்றத்துக்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததும். வீடு எரிகிற மணம் வந்தது. பியதாச கதவுக்கு வெளியே நின்று அப்பாவிடம், "மாத்தையா, வீடு போச்சு" என்று சொன்னான். அப்போது அப்பா சொன்ன வார்த்தையை நீ மறக்கவேயில்லை. "பையெல்லாத்தையும் அவிழ்த்து விதையை உடனே மண்ணிலை போடு பியதாச. வைச்சிருந்தால் முளைக்காது." நீ அவரைத் திரும்பிப் பார்த்தாய். அந்த இருட்டிலும் உன் பார்வை எனக்குத் தெரிந்தது. வீடும் உன் பள்ளிக்கூடப் பைக்கட்டும் நீ வளர்த்த மைனாவும் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிசன் விதையைப் பற்றிக் கதைக்கிறார். பயத்தில் ஆளுக்கொரு பேச்சு வரும் என்று நான் பிறகு உனக்கு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். நீ ஏற்றுக்கொள்ளவில்லை.

அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறை. சண்டிலிப்பாயில் அப்பப்பாவின் வீட்டுக்கு உடுத்த உடுப்போடு வந்து இறங்கினோம். அந்த மாரி முழுக்க அப்பா அயலட்டைப் புகையிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கார்த்திகை மாதம் பியதாச ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: விதை முளைத்துவிட்டது, கன்று இடுப்பளவு, மாத்தையா எப்போது வருகிறார் என்று. அன்றைக்குத்தான் அப்பா வாய்விட்டுக் கதைத்தார். "இலை கொட்ட முதல் நான் அங்கை நிக்கவேணும். நீர் என்ன சொல்றீர்?" நான் யோசித்துத்தான் சொன்னேன். என்னால் திரும்பி அங்கே போக ஏலாது என்றேன். நீ புதுப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாய். அப்பப்பா பாரிசவாதத்தில் விழுந்து ஒரு பக்கம் இழுத்துப்போய்க் கிடந்தார். அவரை யார் பார்ப்பது? "நீங்கள் போங்கோ, பூ முடியக் கெதியாய் வாங்கோ" என்றேன். பொங்கல் முடிந்து அவர் வெளிக்கிட்டபோது என் அண்ணை படலையில் நின்று, "என்ன மச்சான், பூப் பாக்கவோ போறியள்?" என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நீ ஸ்ரேசனுக்கு வரமாட்டேன் என்று கிணற்றடியில் போய் இருந்துவிட்டாய்.

பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். தை பிறக்கப் போவார், சித்திரைக்கு வருவார். ஆடியில் காய் முற்றப் போவார், புரட்டாதியில் வருவார். இங்கே மாசியில் வேலி முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிச் சிவப்பாய்ப் பூக்கும்போது அங்கேயும் பூத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விறாந்தையில் அப்பப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு அந்த வேலியைப் பார்த்தபடி இருப்பேன். அவருடைய தகப்பனை நான் பார்க்கிறேன், அவர் மரத்தைப் பார்க்கிறார் என்று நினைப்பேன். கோபம் வந்தால் பாத்திரம் கழுவும்போது சத்தம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அவர் வந்து படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் கோபம் எங்கே போகுமோ தெரியாது. உனக்கு அப்படிப் போகவில்லை. வர வர நீ அவரோடு கதைப்பதே குறைந்தது. எண்பத்தெட்டில் நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது அவர் அங்கே ஆடிக் காயோடு நின்றார். உன்னை வழியனுப்ப வருகிறேன் என்று தந்தி அடித்திருந்தார். பாதையில் எங்கேயோ மறித்து, அவர் வந்து சேர நீ போய்விட்டாய். நீ படுத்த கட்டிலில் நெடுநேரம் இருந்தார். இதை நான் உனக்கு எழுதியிருக்கிறேனோ தெரியாது.

நீ போன பிறகு வந்த மாசியில் நான் அங்கே போனேன். வீட்டில் உன் சத்தமும் இல்லை, அவரும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அப்பப்பாவைப் பார்க்கக் கரவெட்டியிலிருந்து என் தங்கை வந்து நின்றாள். பஸ்ஸில் இறங்கி மலைப் பாதையில் ஏறும்போது அந்த ஆடி மாதம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இலை கொட்டியிருந்தபடியால் எல்லாம் வெளிச்சமாய்க் கிடந்தது. எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அப்பா இருந்தது ஒரு சின்ன அறை. அங்கே ஒரு மாதம் நான் இருந்தேன், தம்பி. பியதாசவின் மனிசி எனக்குப் பலாக்காய் அவித்துக் கொண்டுவந்து தருவாள். பூ விரிந்ததும் அப்பா, "உம்மடை விரல் மெல்லிசு, வந்து பாரும்" என்று என்னைப் பரணில் ஏற்றினார். சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் நாள் இடுக்கி பிடிபடாமல் பூவெல்லாம் நசிந்தது. பிறகு பழகிவிட்டது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தேனீ. சில நேரம் உன்னைப் பற்றிக் கதைப்போம். உனக்கு அங்கே குளிருமோ, சமைக்கத் தெரியுமோ என்று. கலியாணம் முடித்த காலத்தில்கூட நாங்கள் அப்படி ஒன்றாய் இருந்ததில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு விதையில் முளைத்த மரங்களை அந்த முறைதான் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் தொடையளவுக்கு மொத்தித்திருந்தது. அப்பா ஒவ்வொரு மரமாய்த் தட்டிக்கொண்டு நடந்தார். நான் கேட்டேன், "இஞ்சாருங்கோ, போதும்தானே? வீட்டுக்கு வாங்கோவன்." அவர் நின்று யோசித்தார். "அடுத்த வருசம் இதுகளுக்குக் கத்தி வைக்கலாம். முதல் பால் என்ன மாதிரி எண்டு பார்த்திட்டு வாறன். பிறகு நான் ஒரு இடமும் போகமாட்டன். சத்தியமாய்" என்றார். நான் நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார். பூ முடிய நான் திரும்பி வந்தேன். காய் வெடிக்கிற மாதத்தில் அந்த மலையில் இருக்க இன்னமும் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆனியில் சண்டை மூண்டது. பாதை அடைபட்டது. ரயில் நின்றது. அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. அவ்வளவுதான், தம்பி. எழுதும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரு கடிதமும் வராது, பிறகு பழைய கடிதங்கள் ஒன்றாய் வரும். சுகமாய் இருக்கிறேன், பாதை திறக்க வருகிறேன் என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும். பிறகு ஆட்கள் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய்வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் கொழும்பால் ஆட்கள் வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் நான் படலையடிக்குப் போய் நிற்பேன். அப்பப்பா செத்தபோது அவருக்கு அறிவிக்க ஏலாமல் போனது. கொள்ளி வைக்க மகனும் இல்லை, பேரனும் இல்லை. என் அண்ணைதான் ஆள் பார்த்துச் செய்வித்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் மட்டும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குப் பிடிபடக் கனகாலம் சென்றது.

தொண்ணூற்றுமூன்றில் அவர் போனார். மாசி கடைசியில் நெஞ்சு நோ என்று பரணிலிருந்து இறங்கியிருக்கிறார், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கனடாவில் இருக்கிற உனக்கு அன்றைக்கே தொலைபேசியில் தெரிந்துவிட்டது. இங்கே இருக்கிற எனக்குச் சித்திரை பிறக்கத்தான் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். அதுவரை நான் பொட்டு வைத்துக்கொண்டு, அவர் வருவார் என்று வருடப் பிறப்புக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. "அவரின்ரை பூ முடிஞ்சுது அம்மா" என்று எழுதியிருந்தாய். உன் கோபம் எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்த வரி சுட்டது.

இந்த வருடம் தை பிறக்கச் சண்டை நின்று, போக்குவரத்துக் கொஞ்சம் இலகுவானதும் நான் வெளிக்கிட்டேன். அயலில் ஒரு குடும்பம் கொழும்புக்குப் போனது. அவர்களோடு சேர்ந்து கடலைக் கடந்தேன். உனக்கு அறிவிக்கவில்லை, அறிவித்தால் மறிப்பாய். நான் மலைக்குப் போய்ச் சேர இலை கொட்டி முடிந்திருந்தது. பியதாசவுக்கு மயிரெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. என்னைக் கண்டதும் கும்பிட்டான். அப்பாவின் உடலை எரித்த இடத்தைக் காட்டினான். பிறகு, நான் கேட்காமலே, அந்த எண்பத்துமூன்றாம் ஆண்டு மரங்களிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒரு ஓரத்தில் ஒரு வரிசைதான் மிச்சம் இருந்தது. மற்ற இடமெல்லாம் புதுக் கன்று நட்டிருந்தார்கள்.

"மற்றதெல்லாம் எங்கை?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில்தான்.

"வெட்டிப்போட்டார்கள் நோனா. பால் இல்லை."

"பால் இல்லையெண்டால்?"

"சாதாரண மரத்தில் வருகிற அளவும் வரவில்லை. கத்தி வைத்த முதல் வருடமே மாத்தையாவுக்குத் தெரியும். இரண்டு நாள் அறைக்குள்ளே இருந்தார். பிறகு வெளியே வந்து, வேறு மரம் பார்ப்போம் பியதாச என்றார்."

அவர் எனக்கு இதை எழுதவில்லை. நான் அந்த மரத்தடியில் காய்ந்த இலைக்கு மேலே இருந்துவிட்டேன். பியதாசவும் தள்ளி இருந்தான். நான் கேட்டேன், அவர் வீட்டுக்கு வர வெளிக்கிடவே இல்லையா என்று. அவன் சொன்னான்: பாதை அடைபட்ட அந்த ஆனியில் மாத்தையா பை அடுக்கி வைத்திருந்தார். வவுனியா வரை போனார், விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி போய்த் திரும்பி வந்தார். பிறகு தொண்ணூற்றுமூன்று தையில் போக வழி கிடைத்தது. எல்லாம் சரி. அப்போது இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. "இந்தப் பூ ஒன்றை முடித்துவிட்டுப் போகிறேன், சித்திரைக்கு நோனாவுக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று சொன்னார்," என்று பியதாச சொன்னான். "நான் போகச் சொன்னேன் நோனா. நான் செய்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொன்னேன்."

தம்பி, நான் ஒருநாளும் அவரை வாய்திறந்து ஏசியதில்லை. அன்றைக்கு ஏசினேன். தமிழில், உரத்து, அந்த வெறும் மரங்களுக்கு நடுவில் நின்று. "ஒரு பூவை விட்டால் என்னப்பா? ஒரு வருசம் பூக்காட்டி உலகம் அழிஞ்சு போமோ? நான் பயறு வறுத்துக்கொண்டு இருந்தனானப்பா" என்று. பியதாச தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் எங்களை விட்டுவிட்டார் என்று நீ சொல்வாய். அது பிழை, திரும்பி வர அவர் முயன்றார். அவர் மேல் பிழையே இல்லை என்று நான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பிழை. கதவு திறந்திருந்த ஒரு நேரத்தில் அவர் நாளைக்கு என்றார். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், அதனால் சொன்னார். காத்திருக்கத் தெரிந்தவர்களைத்தான் ஆட்கள் காக்க வைப்பார்கள்.

பூ விரியும்வரை அங்கே நின்றேன். அப்பாவின் பரணில் இப்போது ஒரு சிங்களப் பிள்ளை ஏறி வேலை செய்கிறாள், படித்தவள், மரியாதையானவள். நான் யார் என்று பியதாச சொல்லியிருக்கவேண்டும். இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "அம்மா ஏறிப் பார்க்கிறீங்களா? உங்களுக்கும் தெரியுமாமே" என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வேண்டாம் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அந்த மரங்களுக்கு நான் கொடுக்க வேண்டியதற்கு மேலேயே கொடுத்துவிட்டேன். கோபம் இல்லை. போதும் என்றுதான் இருந்தது. பங்குனி முதல் கிழமை வீடு வந்து சேர்ந்தேன்.

வந்த அடுத்த சனிக்கிழமை சுகந்தி வந்தாள். உனக்கு அவளை நிச்சயம் செய்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சங்கானையிலிருந்து சைக்கிளில் வருகிறாள். தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள், சீப்பெடுத்து எனக்குத் தலை இழுத்துவிடுவாள், கிணற்றில் தண்ணீர் அள்ளி நிரப்பிவிட்டுப் போவாள். இந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் அவளுடையது. அதனால்தான், உண்மையைச் சொன்னால், அவளை உன்னிடம் அனுப்ப நானும் அவசரப்படாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு அவள் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். தகப்பன் வேறு இடத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டாராம்.

"நீ என்ன சொன்னனீ?"

"நான் என்ன மாமி சொல்ல? விசா வந்து கிடக்கு, அதுவும் நெடுகக் கிடவாது. அவர் என்னை வேண்டாம் எண்டு சொன்னால் நான் ஒரு கிழமை அழுதுபோட்டு எழும்பிடுவன். ஓம் எண்டு சொன்னால் நாளைக்கே வெளிக்கிடுவன். அவர் ரண்டும் சொல்லேல்லை. முதலிலை அங்கை இருக்கக் கடதாசி எண்டார். பிறகு ரண்டாவது வேலை எண்டார். இப்ப வீடு எண்டுறார். எல்லாம் எனக்காண்டித்தானாம். எனக்கு வீடு வேண்டாம் மாமி. நான் கேட்டனானே?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். உன்னையும் எனக்குத் தெரியும். உனக்குக் கெட்ட மனம் இல்லை. அவள் வரும்போது எல்லாம் ஆயத்தமாய் இருக்க வேண்டும், ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறாய். ஒரு நாளில் வீடெரிந்து கப்பலேறி வந்த பிள்ளைக்கு அப்படி இருக்கும். ஆனால் தம்பி, உன் அப்பாவைப்போல இருக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போன நீ, அவர் சொன்ன அதே சொல்லைத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். அவர் இந்தப் பூ ஒன்று என்றார். நீ இந்தச் சமர் ஒன்று என்கிறாய். பாதை இப்போது திறந்திருக்கிறது. நாளைக்கு இருக்குமோ தெரியாது. இங்கே இருக்கிற எவருக்கும் தெரியாது. சண்டை திரும்பத் தொடங்கப்போகிறது என்று சந்தையில் கதைக்கிறார்கள். அடைபட்டால் பிறகு நீ எந்த வீட்டை வாங்கி என்ன?

உனக்குப் புத்திமதி சொல்கிற அளவுக்கு எனக்கு உலகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது காத்திருந்தவளுடைய பக்கம் மட்டும்தான். அதில் நின்று ஒன்று சொல்கிறேன். ஒரு பெண்ணைப் பிரிந்து நெடுங்காலம் வேலை செய்ய வேண்டி வந்தால் செய். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் எதற்காக, எவ்வளவு காலம் என்று அவளோடு இருந்து கதைத்துத் தீர்மானி. காரியம் பிழைத்தால் பிழைத்தது என்று சொல்லு. உன் அப்பா அந்த மரத்தில் பால் இல்லை என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால், நான் அவருக்காக அழுதிருப்பேன், பிறகு வாங்கோ என்று பதில் எழுதியிருப்பேன். தோற்றுப்போய் வீட்டுக்கு வர அவருக்கு வெட்கம். நான் காத்திருந்தது வென்று வருகிற மனிசனுக்கு இல்லை, தம்பி. படலையைத் திறந்துகொண்டு வருகிற மனிசனுக்கு.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சங்கானைக்குப் போய்ச் சுகந்தியின் தகப்பனோடு கதைத்தேன். அவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. ஞாயம்தான். நான் அவளையே கேட்டேன், எல்லோருக்கும் முன்னால், உனக்கு என்ன விருப்பம் பிள்ளை என்று. அவள் சொன்னாள்: "நான் கொழும்பு மட்டும் வாறன் மாமி. அங்கை நிண்டு அவரோடை ஒருக்காக் கதைக்கிறன். வா எண்டால் போறன். பிறகு பாப்பம் எண்டால் திரும்பி வந்து பள்ளிக்கூடம் போறன், அதுக்குப் பிறகு உந்தக் கதையே வேண்டாம்." தகப்பன் உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆகையால் வருகிற புதன்கிழமை நானும் அவளும் வெளிக்கிடுகிறோம். இந்தக் கடிதத்தை எங்களுக்கு முதல் போகிறவர்களிடம் கொடுத்துக் கொழும்பில் தபாலில் போடச் சொல்கிறேன். நாங்கள் வெள்ளவத்தையில் என் தங்கையின் மகள் வீட்டில் நிற்போம்; உனக்கு அந்தத் தொலைபேசி இலக்கம் தெரியும். நீ எடுக்கும்போது அவள்தான் வந்து கதைப்பாள், நான் இல்லை. சமருக்கு என்று சொல்வதென்றால் அவளுக்கே சொல்லு. அவளை ஏற்றிவிட்டால் நான் திரும்பி இங்கேதான் வருவேன். என்னை அங்கே கூப்பிடாதே, இப்போதைக்கு வேண்டாம். சனிக்கிழமைகள் எனக்குக் கொஞ்சம் நீளமாய் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுகந்தி இன்றைக்கு இங்கேதான் நிற்கிறாள். பக்கத்து அறையில் உடுப்பு மடித்து வைக்கிறாள். இப்போதுதான் எட்டிப் பார்த்து, "மாமி, அங்கை இப்பவும் குளிரோ? குளிருக்குப் போடுறது இஞ்சை தேடி வாங்கவோ, அங்கை போய் வாங்கலாமோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது பிள்ளை, அவன் எடுக்கேக்கை கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா
சண்டிலிப்பாய், பங்குனி 1995